மலையில் ஓடாத பஸ்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மரியாதை காரணம் அல்ல. சொன்னால் நீங்கள் அவர் எழுதியதைத் தேடிப் போய்விடுவீர்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து என்னுடையதைப் படித்ததாக இதுவரை தகவல் இல்லை.

கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டிருந்த ஒரு விவசாயியின் மகள். என்னோடு பி.ஏ. வரலாறு படித்தவர். பிறகு சென்னைக்குப் போய் இதழியல் படித்து, பத்திரிகைக்காரர் ஆகி, இன்று நான்கு பேர் கூடுகிற இடத்தில் "அவங்க நேத்து எழுதியிருந்தாங்களே, பார்த்தீங்களா?" என்று என்னிடமே கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டவர். நான் கள்ளக்குறிச்சியை விட்டு நகரவில்லை. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, வாரப் பத்திரிகைகளில் இடம் மீந்துபோனால் போடுகிற மாதிரியான நகைச்சுவைக் கட்டுரைகளை எழுதி வருகிறேன். நாங்கள் இருவரும் ஒரே படிப்புக்கு, ஒரே வருடம் விண்ணப்பித்தோம் என்பதை என் வங்கியில் யாரும் நம்புவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை.

காதலா என்று கேட்பீர்கள். பொறாமைக்கே நேரம் போதவில்லை.

அவரிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. "எனக்குப் புரியலைங்க" என்பார். அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்? எனக்குத் தெரிந்து பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாமே புரிந்திருக்கிறது. புரியாதபோது கொஞ்சம் வேகமாகத் தலையாட்டுவேன். கல்லூரியில் எங்கள் வகுப்பு மொத்தமும் அந்தக் கலையில் தேர்ந்திருந்தது. வரலாற்று விரிவுரையாளர் நிலவரித் திட்டங்களை ஒரு பழுப்பேறிய நோட்ஸைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டே போவார். காற்றடித்த நெல் வயல் மாதிரி நாங்கள் சாய்ந்து கொடுப்போம். ஒரு நாள் அந்தப் பெண் எழுந்து நின்று, "புரியலைங்க சார், வரியை யாருகிட்டேர்ந்து வாங்கினாங்க?" என்றார். விரிவுரையாளர் அதே வாக்கியத்தை மறுபடி படித்தார். "இன்னும் புரியலைங்க சார்." மறுபடி படித்தார். மூன்றாவது முறை படிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கும் புரியலம்மா. நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

மறுநாள் அவர் நடத்திய பாடம்தான் அந்தக் கல்லூரியில் நான் கேட்ட ஒரே பாடம். அதற்காக அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கேள்வி ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதையே ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. தோன்றியிருந்தது. கேட்கத்தான் கூச்சம். நான்தான் வகுப்பில் நிறையப் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேனே. வார இதழில் என் துணுக்கு ஒன்று வந்திருந்தது. அதற்குப் பின் உலகத்தைப் பார்த்துச் சந்தேகம் கேட்கும் உரிமையை இழந்துவிட்டேன். அந்தத் துணுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்ட பெயர் "எழுத்தாளரே". பஸ் நிலையத்தில் பத்துப் பேர் முன்னிலையில், சிரிக்காமல் கூப்பிடுவார். அது கிண்டலா, மரியாதையா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

கடைசி வருடம் படிக்கும்போதே அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். இது அவருடைய சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னது. மாப்பிள்ளைக்கு வெளியூரில் "கம்பெனியில் வேலை." எல்லோரும் தலையாட்டினார்கள். பஜ்ஜித் தட்டோடு வந்தவர் தட்டை வைத்துவிட்டு, "புரியலைங்க, கம்பெனின்னா இன்னா செய்வீங்க? காலையில போனதுலேர்ந்து சொல்லுங்களேன்" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை காலையில் கேட்டுக்குள் நுழைந்தார், கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார். அதற்குமேல் மதியச் சாப்பாடு வரை அவரால் வந்து சேர முடியவில்லை. பாவம், வேர்த்துவிட்டதாம். பெண் ஏளனமாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பார். ஏளனம் துளியும் இல்லை என்பதுதான் இவரிடம் ஆபத்து.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அவர் அப்பா மகளின் மேல்படிப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

அந்தப் படிப்பைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பகுதிநேர நிருபர் இருந்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டே ஒரு தினசரிக்குச் செய்தி அனுப்புவார். அவருடைய மேசையில் கிடந்த பழைய பேப்பரில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். சென்னையில் இதழியல் முதுகலை. யாரும் படிக்காத படிப்பு என்பதே எனக்குப் போதுமான தகுதியாகத் தெரிந்தது. என் நண்பர்கள் பி.எட்., குரூப் தேர்வு, பாலிடெக்னிக் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். என் அப்பா, "படிச்சா பேப்பர் போடற வேலையா?" என்று கேட்டார். பெருமையாக அந்தச் செய்தியை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொன்னதுதான் நான் செய்த பிழை. "புரியல எழுத்தாளரே. அதுல இன்னா சொல்லித் தருவாங்க?" என்றார். நான் எனக்குத் தெரியாததையெல்லாம் விளக்கினேன். கேட்டு முடித்தவர், "நெஜமாவே கேள்வி கேக்கறதுக்கு ஒரு படிப்பு இருக்குதா?" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. இனி விண்ணப்பம் இரண்டு.

அவர் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். தூரத்து உறவு. எங்கள் பக்கத்தில் துருவிப் பார்த்தால் எல்லோரும் மாமாதான். மாமா ஒரு நிபந்தனை வைத்தார். "மெட்ராசுக்குத் தனியாவெல்லாம் அனுப்ப முடியாது. அந்தத் தம்பியும் போறதா இருந்தா, தொணைக்கு ஆளாச்சு, போ." ஆக, எனக்கு இடம் கிடைத்தால்தான் அவர் போகலாம். எனக்குக் கிடைக்கும் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. அந்தப் பெண் ஒருத்திதான், "ஒனக்குக் கெடைக்கலைன்னா?" என்று கேட்டார். அதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தோடு, தன் பகுதியில் நடந்த ஒரு நிகழ்வைப் பற்றித் தானே திரட்டி எழுதிய கட்டுரை ஒன்றை இணைக்க வேண்டும் என்றிருந்தது. நிகழ்வுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது வாசலுக்கே வந்தது.

இடஒதுக்கீடு கேட்டு மறியல். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த வருடங்களில் நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். சாலையோரத்துப் புளிய மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் கிடையாது, லாரி கிடையாது, வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகாமல் வயலிலேயே காய்ந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. உயிரும் போனது, குடிசைகளும் எரிந்தன. அதைப் பற்றியெல்லாம் என் வழக்கமான தொனியில் எழுத மாட்டேன். எனக்கும் சில எல்லைகள் உண்டு.

ஆனால் டைப்ரைட்டிங் நிருபர் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய தொழில் முழுக்கப் பஸ்ஸை நம்பியது. காலையில் பஸ் நிலையத்து டீக்கடையில் உட்காருவார். சங்கராபுரத்துக் கண்டக்டர் சங்கராபுரத்துச் செய்தியையும், ரிஷிவந்தியத்துக் கண்டக்டர் ரிஷிவந்தியத்துச் செய்தியையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். மதியம் அதையெல்லாம் தட்டச்சு செய்து, கவரில் போட்டு, மேலே பத்திரிகையின் பெயரை எழுதி, விழுப்புரம் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவார். அங்கே ஓர் ஆள் வாங்கிக்கொள்வார். இப்போது ஊர் வரலாற்றிலேயே பெரிய செய்தி நடந்துகொண்டிருந்தது. செய்தியைக் கொண்டுவரவும் பஸ் இல்லை, கொண்டுபோகவும் பஸ் இல்லை. கவரை மடியில் வைத்துக்கொண்டு அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நான் அவர் வழியையே பின்பற்றினேன். பஸ் நிலையத்துக்குப் போனேன். சும்மா உட்கார்ந்திருந்த நேரக் காப்பாளரிடம், எந்தெந்த ஊருக்கெல்லாம் பஸ் ஓடவில்லை என்று கேட்டேன். "எங்கியும் ஓடல" என்றார். அதோடு என் களப்பணி முடிந்தது. வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த மாவட்டப் படத்தைக் கழற்றி விரித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். விழுந்து கிடந்த புளிய மரங்களை வீழ்ந்த யானைகளுக்கு ஒப்பிட்டேன். கடைசி வாக்கியத்துக்கு ஓர் உயரம் தேவைப்பட்டது. படத்தில் கல்வராயன் மலைக்குள் தேடினேன். அழகான பெயருள்ள ஒரு ஊர் கண்ணில் பட்டது. 'சமவெளியில் மட்டுமல்ல, மேகம் தவழும் அந்த மலைக் கிராமத்திலும் ஒரு பேருந்துகூட ஓடவில்லை' என்று முடித்தேன். ஊரின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அந்த மக்கள் என்னால் பட்டது போதும்.

எழுதியதை யாரிடமாவது படித்துக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சைக்கிளை எடுத்துக்கொண்டு, மரம் கிடந்த இடங்களில் தோளில் தூக்கிக்கொண்டு, கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தேன். வீட்டின் முன்னால் சாலைக்குக் குறுக்கே ஒரு புளிய மரம் கிடந்தது. மாமாவின் சொந்த மரம். அவர்தான் முன்னால் நின்று வெட்டிச் சாய்த்திருந்தார். அப்பாவும் மகளும் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரியலப்பா. நம்ம மரத்த நாமளே வெட்டிப் போட்டா, நமக்கு எப்புடி வேலை குடுப்பாங்க?"

ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அடி விழுந்திருக்கும். மாமா கோபமாகத்தான் ஆரம்பித்தார். கேட்டவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"எங்க தாத்தா ஏர் ஓட்டுனாரு. எங்கப்பன் ஓட்டுனாரு. நான் ஓட்டிக்கினு கீறேன். தாலுக்காபீசுக்குப் போனா, மேசைக்கு அந்தாண்ட நம்மாளு ஒருத்தன் குந்திக்கினு இருந்து நீ பாத்திருக்கியா? இந்தாண்டயே நின்னுக்கினு இருக்கறதுக்கா பொறந்தோம்? மரம் மொளைக்கும், வுடு."

அதை மகள் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. மரப்பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "படி எழுத்தாளரே" என்றார். படித்தேன். யானைகள் வந்தபோது மாமா தலையாட்டினார். கடைசி வாக்கியம் வந்தது. நான் குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாக அதைச் சொல்லி முடித்தேன்.

"புரியல," என்றார். "அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு?"

"எல்லா பஸ்ஸும்தான். எதுவுமே ஓடல."

"போய்ப் பாத்தியா?"

"பஸ்ஸே ஓடாதப்ப எப்புடிப் போறது?"

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மலையைப் பார்த்தார். அங்கிருந்து மலை நன்றாகத் தெரியும். ஏதோ வானிலையைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையிலிருந்து பெண்கள் பலாப்பழம், நெல்லிக்காய், கடுக்காய் என்று தலைச்சுமையாகக் கச்சிராயபாளையத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். சந்தை கூடாமல் சுமையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அவர்கள் திரும்பிப் போனபோது, இவர் சித்தியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஏறிவிட்டார். நான் படத்தில் பொறுக்கிய அந்த ஊருக்கே போனார். சித்திக்கு அதற்குப் பிறகு ஒரு மாதம் முழங்கால் வலி. "இன்னா பொண்ணும்மா அது, ஏறும்போதும் கேள்வி, எறங்கும்போதும் கேள்வி" என்று என் அம்மாவிடம் புலம்பினார்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் முதல் வேலையாக என்னிடம் ஆள் அனுப்பினார். போனேன். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து அந்த ஊருக்கு இன்னும் ஏற்றம் இருக்கிறதாம். அங்கே போவது ஒற்றையடிப் பாதை. பஸ் அந்த ஊருக்குள் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அங்கே ஒரு அம்மாவிடம் இவர் மறியலைப் பற்றிச் சொல்லி, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சொன்னதை எனக்கு அப்படியே சொன்னார்.

"கீழ மரத்த வெட்டிப் போட்டுக்கினாங்க, அதனால பஸ்ஸு வரலன்றீங்க. செரி. எங்க அப்பன் காலத்துலேர்ந்து இங்க பஸ்ஸு வரலியே, எந்த மரத்த யாரு வெட்டிப் போட்டாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்து, "உன் கடைசி வரிய மாத்திடு. அங்க பஸ்ஸே கெடையாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அந்த மலைக்கார அம்மாவின் ஒரு வாக்கியத்துக்கு என் யானைக் கூட்டம் மொத்தத்தையும் கொடுத்துவிடலாம் என்று எனக்கு அப்போதே தெரியும். அதிலும் என்ன கொடுமை என்றால், நான் புளுகாமல் இருந்திருந்தால் இவர் அந்த ஊருக்கே போயிருக்க மாட்டார்.

வரியை நான் மாற்றவில்லை. எடுத்தால் நடை கெட்டுவிடும் என்றேன். "ஒரு பேருந்துகூட ஓடவில்லை என்பது உண்மைதானே?" என்றும் கேட்டேன். அவர், "உண்மைதான். ஆனா எனக்குப் புரியல" என்று போய்விட்டார்.

அந்த வருடம் எல்லாமே தள்ளிப்போனதால் விண்ணப்பத்துக்கும் நாள் தள்ளிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓட ஆரம்பித்ததும் அனுப்பினோம். நேர்முகத்துக்கு இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். மாமா மஞ்சள் பையோடு கூட வந்தார். வராந்தாவில் இருந்த நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்று கடைசி வரை தீர்மானிக்காமல் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண்ணை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்து ரொம்ப நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. பாதிக்கு மேல் அவர் குரல்தான். இவர் கேட்கிறார், அவர்கள் பதில் சொல்கிறார்கள் என்று தெரிந்தபோது என் யானைகளை மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நான். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் அந்தப் பெண்ணுடையது. யானைகள் நன்றாக இருக்கின்றன என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

"இந்த மலைக் கிராமத்துக்குச் சாதாரண நாட்களில் எந்தப் பேருந்து போகும்?" என்றார்.

அங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியாது என்று. நாக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. "ஏழாம் நம்பர் டவுன் பஸ் மேடம்" என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன், அது என் சொந்த முறை. இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. "காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று" என்றேன். மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பௌர்ணமிக்கு ஸ்பெஷல் விடுவார்கள்" என்று முடித்தேன்.

ஓரத்தில் இருந்த வயதானவர் மிகுந்த அன்போடு, "தம்பி, நீங்க கதை எழுதிப் பார்க்கலாமே" என்றார். என் இலக்கிய வாழ்க்கைக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டல் அதுதான். இன்று வரை அதன்படி நடந்து வருகிறேன்.

அவருக்குச் சேர்க்கைக் கடிதம் வந்தது. எனக்கு வருத்தத்துடன் தெரிவித்தார்கள். அன்று சாயங்காலமே டீக்கடையில், பொம்பளைக் கோட்டா என்று சொல்லிவிட்டேன். அந்த வருடங்களில் யாருக்கு எது கிடைக்காவிட்டாலும் இன்னொருவருடைய கோட்டாவைச் சொல்வது ஊர் வழக்கமாகவே இருந்தது. எங்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்று மரத்தை வெட்டியவர்களே, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேலை கிடைத்தால் கோட்டாவில் போயிட்டான் என்பார்கள். நானும் அந்த மண்ணின் மைந்தன்தானே. விஷயம் அவர் காதுக்குப் போனது. பஸ் நிலையத்தில் நேரே வந்தார்.

"எந்த கோட்டா எழுத்தாளரே? நெஜமாவே புரியல. நோட்டீசுல அப்புடி ஒண்ணும் காணலியே. இருந்தா சொல்லு, என் தங்கச்சிக்கும் ஒதவும்."

கோபமில்லை. குத்தலில்லை. அப்படி ஒரு கோட்டா இருந்திருந்தால் தங்கைக்குச் சொல்லியிருப்பார். நான் வேறு பக்கம் பார்த்து, பஸ் வருகிறது என்றேன். வரவில்லை.

இப்போதும் அவர் பெயர் போட்டு வருவதை ஒன்று விடாமல் படிக்கிறேன். ரசிப்பதற்காக அல்ல, பிழை பிடிப்பதற்காக. ஒரு அணையின் கொள்ளளவு தவறாக இருக்கிறது என்று நினைத்து மூன்று அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறேன். சரியாகத்தான் இருந்தது. அந்த அலைச்சலில் அந்த அணையைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்துபோனது. இந்த வேலையைச் சின்ன வயதில் செய்திருந்தால் சம்பளம் கொடுத்திருப்பார்கள்.

கடிதம் வந்த அந்த வாரத்துக்கு வருகிறேன். மாமாவின் நிபந்தனை அப்படியே இருந்தது. தம்பி போனால்தான் இவள் போகலாம். தம்பி போகவில்லை. சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கியது. ஒரு காலையில் மாமா மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"எனக்கு இந்தப் படிப்பு கிடிப்பு ஒண்ணும் தெரியாது தம்பி. நீதான் கண்டுபுடிச்சு சொன்னே. நீ சொல்லு. இது இன்னா படிப்பு? முடிச்சா ஒரு பொம்பளப் புள்ளைக்கு இன்னா வேலை? ஊர் ஊரா சுத்தணுமா? கண்டவன் கூடயெல்லாம் பேசணுமா? நீ சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

அந்தப் பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மெட்ராஸ் முழுவதும் என் வாயில் இருந்தது. என்னிடம் வாக்கியம் தயார். ஒரு வாரமாக மனதுக்குள் இழைத்து வைத்திருந்தேன். 'ஆம்பளைங்களே யோசிக்கிற வேலை மாமா, ராத்திரி பகல் கிடையாது, கல்யாணச் சந்தையில நல்ல பேரு கிடையாது.' இரண்டாம் பாதியில் இயைபுகூட இருந்தது. சொன்னால் போதும். எனக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்காது, அதற்குமேல் ஓர் இளைஞனுக்கு என்ன நிம்மதி வேண்டும்?

வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கெஞ்சல் இல்லை. கேட்பதற்குத் தயாராக இருந்தார், அவ்வளவுதான். நான் சொல்லி முடித்ததும் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'புரியல எழுத்தாளரே. ராத்திரி இன்னா வேலை? யார் வூட்ல பாத்தே?' அதற்கு நான் ஒன்று சொல்வேன். அதற்கும் ஒரு கேள்வி வரும். பௌர்ணமி ஸ்பெஷல் வரை போய்விடுவேன். என் அப்பா, அம்மா, மாமா எல்லோர் முன்னாலும்.

"எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றேன்.

பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பயம். ஆனால் அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அந்த வீடு கேட்டதில்லை. என் அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கா தெரியாது?"

"தெரியாது மாமா."

"ரஷ்யாவுல இன்னா நடக்குதுன்னு சொல்லுவே. கரும்புக்கு இன்னா உரம் போடணும்னு எனக்கே சொல்லுவே. இது தெரியாதா?"

"இல்ல மாமா."

 மாமா ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். மகளைப் பார்த்து, "இதுக்கே தெரியாத ஒண்ணு இருக்குதுன்னா, அது பெரிய படிப்பாத்தான் இருக்கணும். நீ போய்ப் படி. நானே கொண்டுபோயி வுட்டுட்டு வரேன்" என்றார்.

ஆக, அவரை மெட்ராசுக்கு அனுப்பியது என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் உண்மை. பொய்யைச் சொல்லியிருந்தால் ஒருவேளை மாமா வழக்கம்போல அதைப் பாதிதான் நம்பியிருப்பார். இதை முழுசாக நம்பிவிட்டார்.

கிளம்பும் நாள் நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். மாமாவும் மகளும் ஏறி உட்கார்ந்ததும், "தம்பி, பெட்டிய மேல போட்டுடு" என்றார் மாமா. இரும்பு டிரங்குப் பெட்டி. அதைத் தோளில் வைத்துக்கொண்டு பின் ஏணியில் ஏறி, கூரைமேல் வாழைத்தார்களுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் இடம் பார்த்து வைத்துக் கயிறு போட்டேன். எனக்கு எதையும் ஒழுங்காகக் கட்டத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்க முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது.

கத்தியிருக்கலாம். கூரையைத் தட்டியிருக்கலாம். கீழே ஜன்னலோரம் அவர் இருந்தார். தலையை வெளியே நீட்டி, மேலே என்ன செய்கிறாய், புரியல, என்று கேட்பார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். சாலையின் இரு பக்கமும் வெட்டிய புளிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சிலவற்றில் தளிர் விட்டிருந்தது. கோழிகள் என்னைப் பார்த்தன. தியாகதுருகத்தில் யாரோ ஏறுவதற்காக நின்றபோது பின்பக்கமாக இறங்கி, ஒரு லாரியின் மறைவில் நின்றுகொண்டேன். பஸ் உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய்விட்டது.

அவருடைய பத்திரிகை வாழ்க்கையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள், விழாக்களில் பாராட்டுகிறார்கள், எங்கிருந்து புறப்பட்டார் என்று சொல்லுகிறார்கள். தியாகதுருகம் வரை அவர் தலைக்கு மேலேயே நானும் போயிருக்கிறேன். அது ஒன்றுதான் அவர் இன்னும் கண்டுபிடிக்காத செய்தி.